துணி வாங்கும்போதும் துவைக்கும்போதும் வரும் சந்தேகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூரில் எங்களுடையது கட்பீஸும் மேட்சிங் பிளவுஸ் துணியும் விற்கும் சின்னக் கடை. பின்கட்டில் தையல் மெஷின்களும் ஓடுகின்றன. தி.நகரில் எடுத்த துணியைத் தைக்கக் கொண்டுவருபவர்கள், சாயம் போன சுடிதாரைக் காட்டி வழி கேட்பவர்கள், அம்மாவின் பட்டுப்புடவையை என்ன செய்வதென்று யோசிப்பவர்கள் என்று பலரும் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். என்ன இழை, என்ன நூல், எப்படி நெய்தது என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டால் துணி விஷயத்தில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. பிராண்டு பெயரெல்லாம் அதற்குப் பிறகுதான்.

காட்டன்னா எல்லாம் காட்டன் தானே அக்கா? ஒண்ணு மீட்டர் 90 ரூபா, இன்னொண்ணு 350 ரூபா. ஏன்?

வித்தியாசம் பஞ்சிலேயே ஆரம்பிக்கிறது. நீளமான பருத்தி இழையை மெல்லிசாக முறுக்கலாம். நூல் வழவழப்பாகவும் உறுதியாகவும் வரும். இழை குட்டையாக இருந்தால் நூலைச் சுற்றி நுனிகள் துருத்திக்கொண்டே இருக்கும். நாலு துவையலுக்குப் பிறகு துணிமேல் பொடிப்பொடியாக உருண்டை கட்டுவது அந்த நுனிகள்தான். குட்டை இழைகளைச் சீவிக் கழிப்பதற்கென்றே மில்லில் ஒரு வேலை உண்டு. அப்படிச் சீவிய பஞ்சில் வருவதுதான் கோம்ப்டு காட்டன். கழிவு போகப் போக விலை ஏறும்.

அடுத்தது நெசவின் அடர்த்தி. துணியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. ஒரு அங்குலத்துக்குள் இவை எத்தனை என்பதில்தான் துணியின் ஆயுள் இருக்கிறது. இளசாக நெய்த துணிக்குக் கஞ்சியை ஏற்றி விறைப்பாக்கி விற்பது உண்டு. கடையிலேயே ஒரு மூலையை இரண்டு கையாலும் கசக்கித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாகத் தூள் உதிர்ந்து அந்த இடம் மட்டும் தொளதொளத்துப் போனால் நீங்கள் தொட்டது பாதி கஞ்சி. பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இடைவெளி கண்ணுக்கே தெரியும்.

60 நம்பர், 80 நம்பர்னு நூலைச் சொல்றாங்களே, நம்பர் கூடினா தரம் கூடுமா?

நம்பர் கூடினால் நூல் மெலியும், அவ்வளவுதான். 840 கஜ நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் அடங்குகிறதோ அதுதான் நம்பர். 60 நம்பர் நூல் ஒரு பவுண்டு என்றால் 50,400 கஜம், கிட்டத்தட்ட 46 கிலோமீட்டர். அரைக் கிலோகூட இல்லாத அந்த நூலின் ஒரு நுனியைச் சென்ட்ரலில் பிடித்துக்கொண்டால் மறு நுனி ரயில் பாதையோடு போய்த் திருவள்ளூரைத் தாண்டிவிடும்.

துண்டுக்கும் போர்வைக்கும் 20, 40 போன்ற தடித்த நூல்தான் சரி. தண்ணீரை உறிஞ்ச வேண்டும், உழைக்க வேண்டும். நல்ல வேட்டிக்கும் மெல்லிய காட்டன் புடவைக்கும் 80, 100, 120 என்று போவார்கள். 2/80 என்று எழுதியிருந்தால் 80 நம்பர் நூல் இரண்டைச் சேர்த்து முறுக்கியது என்று அர்த்தம்.

பிளவுஸ் துணில டூ பை டூ, டூ பை ஒன்னு சொல்றது இதுதானா?

அதேதான். பாவும் ஊடையும் இரட்டை நூலாக இருந்தால் டூ பை டூ. ஒரு பக்கம் மட்டும் இரட்டை என்றால் டூ பை ஒன். பிளவுஸில் அக்குளும் முதுகுத் தையலும்தான் முதலில் விடும். தினமும் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் டூ பை டூ எடுப்பது நல்லது.

பனியன் துணி இழுத்தா நீளுது, சட்டைத்துணி நீள மாட்டேங்குது. ரெண்டுமே காட்டன்னு தானே போட்டிருக்கு?

சட்டைத்துணி தறியில் நெய்தது, பாவும் ஊடையும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும். பனியன் துணி பின்னியது. ஒரே நூல் வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டு போகும், இழுத்தால் அந்த வளையங்கள் விரிந்து கொடுக்கும். திருப்பூரில் பெரும்பாலும் நடப்பது இந்தப் பின்னல் வேலை.

இதற்கு ஜிஎஸ்எம் கேட்டு வாங்குங்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. சென்னைக்கு 160 முதல் 180 வரை உள்ள டி-ஷர்ட் போதும். 220, 240 எல்லாம் ஊட்டிக்குப் போகும்போது போட்டுக்கொள்ளலாம். ஈரமான டி-ஷர்ட்டைத் தோளில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் வளையங்கள் கீழ்நோக்கி இழுபடும். நடுவில் மடித்துக் கொடியில் போடுங்கள்.

நூலை எரிச்சுப் பார்த்தா காட்டனா பாலியஸ்டரான்னு தெரிஞ்சிடும்ங்கறாங்களே, நிஜமா?

பெரும்பாலும் தெரிந்துவிடும், செய்யும் விதத்தில் செய்தால். துணியின் ஓரத்திலிருந்து பாவில் நாலைந்து இழை, ஊடையில் நாலைந்து இழை என்று தனித்தனியாக உருவுங்கள். பாவு ஒரு நூலும் ஊடை வேறு நூலுமாக நெய்த துணிகள் சந்தையில் ஏராளம். சேர்த்து எரித்தால் குழப்பம்தான். இடுக்கியில் பிடித்து, கீழே எவர்சில்வர் தட்டு வைத்து, தீக்குச்சியை நுனியில் காட்டுங்கள்.

காட்டன் சட்டென்று பிடித்துக் காகிதம் எரிகிற வாசம் அடிக்கும். சாம்பல் மெல்லிசாக இருக்கும், ஊதினால் பறந்துவிடும். பாலியஸ்டர் தீயைக் கண்டதுமே சுருங்கி உருகும், கரும்புகை விடும், ஆறியதும் நுனியில் கறுத்த மணி மாதிரி கெட்டியாக நிற்கும். நகத்தால் நசுக்கினாலும் உடையாது. பட்டு என்றால் தலைமுடி பொசுங்கும் நாற்றம். தீயை விலக்கினால் தானே அணைந்துவிடும், மிஞ்சிய கரி விரலில் பொடியாகும். காகித வாசமும் கெட்டி மணியும் சேர்ந்து வந்தால் அது கலப்பு நூல். பள்ளி யூனிஃபார்ம் துணி நிறைய இந்த வகைதான். ரேயானை மட்டும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது, அதுவும் காட்டன் மாதிரியே எரியும்.

ரேயான் குர்த்தி சில்லுனு, வழவழன்னு நல்லா தானே இருக்கு? அதை ஏன் குறை சொல்றீங்க?

கோடைக்கு நல்ல துணி, குறை சொல்ல ஒன்றுமில்லை. மரக்கூழை ரசாயனத்தில் கரைத்து இழையாக இழுத்துச் செய்வது ரேயான். ஈரத்தை நன்றாக உறிஞ்சும். சிக்கல் துவைக்கும்போதுதான். காட்டன் நனைந்தால் இன்னும் உறுதியாகும்; ரேயான் நனைந்தால் பலம் பாதிக்குப் பாதி போய்விடும். கல்லில் அடிப்பது, பிரஷ் போடுவது, முறுக்கிப் பிழிவது எல்லாம் அதற்கு ஆகாது.

இந்தக் குணத்தை வைத்தே அதைக் கண்டுபிடிக்கலாம். உருவிய இழையின் நடுவில் மட்டும் எச்சில் தொட்டு நனைத்து இரண்டு பக்கமும் இழுங்கள். நனைந்த இடத்திலேயே சுலபமாக அறுந்தால் ரேயான். காட்டன் அந்த இடத்தில் தாங்கும்.

சென்னை வெயிலுக்கு எந்தத் துணிதான் போடறது? காட்டன் போட்டாலும் கசகசன்னு இருக்கே.

நமக்கு வெயிலைவிடக் காற்றிலிருக்கும் ஈரம்தான் தொல்லை. வேர்வை ஆவியாகப் போனால்தான் உடம்பு குளிரும். கடற்காற்றின் ஈரத்தில் அது சீக்கிரம் போகாது. காட்டன் தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை, கைக்கு ஈரம் தெரியாமலேயே, உள்ளே வைத்துக்கொள்ளும். பாலியஸ்டரால் அரை சதவீதம்கூட முடியாது, அதனால்தான் வேர்வை தோலிலேயே நிற்கிறது.

காட்டனிலும் கெட்டியாக நெய்த துணியில் காற்று புகாது. மே மாதத்துக்கு மல்மல், வாயில், கைத்தறிச் சட்டைத்துணி என்று மெல்லிய நூலில் காற்றோட்டமாக நெய்ததைத் தேடுங்கள், உடம்பை ஒட்டாமல் தாராளமாகத் தைத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் பாலியஸ்டருக்கு ஓட்டுப் போடுவேன். மெரினாவில் ஓடப் போகிறவர்கள், ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு விளையாட்டு உடையாகவே செய்த பாலியஸ்டர் நல்லது. காட்டன் சொட்டச் சொட்ட நனைந்து கனத்துவிடும். பாலியஸ்டர் சீக்கிரம் காய்ந்துவிடும்.

தைக்கறதுக்கு முன்னாடி துணியை நனைச்சே ஆகணுமா? நாளைக்கு விசேஷம்...

நனைத்தே ஆக வேண்டும். தறியில் பாவு நாள் முழுக்க இழுபட்டே இருக்கும். முதல் முறை தண்ணீரில் போட்டதும் அந்த இழுப்பு தளர்ந்து துணி தன் சொந்த அளவுக்குத் திரும்பும். நூற்றுக்கு 5 பங்கு சுருங்குகிறது என்று வையுங்கள், 40 அங்குல உயரக் குர்த்தியில் 2 அங்குலம் போச்சு. சான்ஃபரைஸ்டு என்று அச்சிட்ட துணியை மில்லிலேயே சுருக்கி அனுப்பியிருப்பார்கள், அதற்கு மட்டும் இந்தக் கவலை குறைவு.

லைனிங்கை மறந்துவிடாதீர்கள். மேல்துணி பாலியஸ்டர், உள்ளே நனைக்காத காட்டன் லைனிங் என்று தைத்தால் முதல் துவையலில் லைனிங் மட்டும் சுருங்கி, மேல்துணி பை மாதிரி தொங்கும். தையல்காரர் மேல் பழி போடும் பல பிளவுஸ்களில் நடந்தது இதுதான்.

சாயம் போகாம இருக்க உப்புத் தண்ணில ஊற வைக்கச் சொல்றாங்க. வைக்கலாமா?

வைத்தால் கெடுதல் இல்லை, ஆனால் சாயம் அதனால் பிடித்துக்கொள்ளாது. உப்புக்கு வேலை சாயப்பட்டறைத் தொட்டியில். நீரில் கரைந்த சாயத்தைப் பருத்தி இழையை நோக்கித் தள்ள உப்பும், இழையோடு கட்டிப்போடச் சோடாவும் சேர்ப்பார்கள். பிறகு ஒட்டாத சாயத்தை வெந்நீரில் அலசி எடுக்க வேண்டும். அந்தக் கடைசி அலசலைச் சிக்கனம் பிடித்த துணிதான் உங்கள் வாளியில் சாயம் விடுகிறது. உப்பு போட்டால் அன்றைக்குக் கொஞ்சம் குறைவாக விடும், பாக்கி அடுத்த துவையலுக்குக் காத்திருக்கும். அதற்குத் தனியாக, பச்சைத் தண்ணீரில், தண்ணீர் தெளியும்வரை சில முறை அலசுவதே சரியான வழி. வாங்கும்போதே நனைத்த வெள்ளைக் கர்சீப்பால் துணியை அழுத்தித் தேய்த்துப் பார்த்துவிடுங்கள்.

அந்தத் தொட்டி உப்பும் சாயமும் கலந்த கழிவுதான் நொய்யல் ஆற்றைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகே கழிவைச் சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாடு கட்டாயமாக அமலுக்கு வந்தது. நல்ல சாயத்துக்குக் கொஞ்சம் கூடுதல் விலை சொன்னால் நான் பேரம் பேசுவதில்லை.

சாயம் போவதே பெருமையாக விற்ற காலமும் உண்டு. 1950-களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் கட்டம் போட்ட துணி, துவைத்ததும் நிறம் கசிந்து கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்தது. முதலில் புகார், அப்புறம் அதையே அதன் அழகு என்று விளம்பரம் செய்து விற்றார்கள்.

சென்னைல தறியே இல்லையே, மெட்ராஸ் துணின்னு எப்படிப் பேர் வந்துச்சு?

1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இந்தக் கடற்கரையில் இடம் பிடித்ததே துணிக்காகத்தான். நெசவாளர்களையும் நூல் நூற்பவர்களையும் குடிவைக்க 1734-இல் சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கினார்கள். நெய்த துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை. இங்கிருந்து போன கட்டம் போட்ட கைக்குட்டைத் துணிக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் இன்றும் மதிப்பு உண்டு.

எங்கள் பெரம்பூரில் பின்னி நிர்வாகத்தின் பக்கிங்காம், கர்நாடிக் மில்கள் இருந்தன; காக்கித் துணிக்குப் பேர் போனவை. 1918-இல் மெட்ராஸ் தொழிற்சங்கம் பிறந்தது அந்த மில் தொழிலாளர்களால். 1996-இல் மில் மூடப்பட்டது. இப்போது நகரத்துக்குப் பக்கத்தில் தறிச் சத்தம் கேட்க வேண்டுமென்றால் திருவள்ளூர் மாவட்டத்தில் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் போகலாம், இல்லையென்றால் காஞ்சிபுரம்.

வெள்ளை வேட்டி எவ்வளவு துவைச்சாலும் மஞ்சளாவுது. பிளீச்சிங் போட்டா இன்னும் மோசமாவுது!

போர் தண்ணீர்தான் காரணம். கடினத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரியாகி இழைக்குள் உட்கார்ந்துகொள்ளும், அது சாம்பல் நிறம். தண்ணீரில் இரும்பு இருந்தால் மஞ்சள். அதில் பிளீச்சிங் பவுடர் போட்டால் கரைந்திருக்கும் இரும்பு துருவாக மாறித் துணியிலேயே படியும், நீங்கள் பார்த்தது அதைத்தான்.

வெள்ளைக்கு சோப்புக்குப் பதில் பவுடர் போடுங்கள், காட்டனாக இருந்தால் ஒரு ஸ்பூன் வாஷிங் சோடா சேர்க்கலாம். கடைசி அலசலை மட்டுமாவது மெட்ரோ தண்ணீரில் செய்யுங்கள். ஆர்ஓ மெஷின் கழிவுத் தண்ணீரைத் துணிக்குப் பிடித்து வைக்கும் வீடுகள் அதிகம். அதில் உப்பு முன்னைவிடக் கூடுதல், வெள்ளைத் துணிக்கு வேண்டாம். சொட்டு நீலம் மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்கும், எடுக்காது.

மழைக்காலத்துல துவைச்ச துணியே நாறுது. என்ன பண்றது?

துணி எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறதோ அவ்வளவு கிருமி. மெஷின் நின்றதும் எடுத்துவிடுங்கள், இன்னொரு முறை ஸ்பின் போடுங்கள், இடைவெளி விட்டுக் காயப்போட்டு ஃபேன் போடுங்கள். பவுடர் அதிகம் போட்டால் மிச்சம் துணியில் தங்கி நாற்றம் கூடும்.

கைத்தறின்னு சொல்லி விசைத்தறியைத் தந்துடறாங்க. எப்படிக் கண்டுபிடிக்கறது?

கரையில் ஊசித் துளை இருந்தால் கைத்தறி என்பார்கள். அதை மட்டும் நம்ப முடியாது. துணியை விரித்துப் பிடிக்கும் ஊசி விசைத்தறியிலும் உண்டு. காஞ்சிபுரம் மாதிரியான புடவையில் நான் பார்ப்பது கோர்வையை, அதாவது உடலும் கரையும் சேரும் இடத்தை. கோர்வையில் உடலுக்கு ஒரு ஊடை, இரண்டு கரைக்கும் தனித்தனி ஊடை என்று மூன்று நாடா, அதாவது ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் கட்டை, ஓடும். ஒரு பக்கக் கரைக்கு நாடா எறிய நெசவாளி பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். அப்படி நெய்தால் கரையின் நிறம் கலப்பில்லாமல் பளிச்சென்று இருக்கும். புடவையின் பின்பக்கம் திருப்பினால் இரண்டு ஊடையும் கோத்துக்கொண்ட வரி கைக்குத் தட்டும். ஒரே ஊடை முழு அகலத்துக்கும் ஓடியிருந்தால் உடல் நிறம் கரைக்குள் கலந்து மங்கித் தெரியும்.

முத்திரைகளையும் பாருங்கள். கைத்தறி முத்திரை 2006-இல் வந்தது. சில்க் மார்க் 2004-இல் வந்தது, அது பட்டு சுத்தப் பட்டு என்று மட்டும்தான் சொல்லும்; கைத்தறியா என்பதற்கோ ஜரிகை நல்லதா என்பதற்கோ அது சாட்சி ஆகாது. இதைத்தான் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். 1935-இலிருந்து இயங்கும் கோ-ஆப்டெக்ஸ் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் துணியைத்தான் விற்கிறது, சந்தேகமாக இருந்தால் எழும்பூர் கடையில் ஒரு நல்ல கைத்தறியைத் தொட்டுப் பார்த்துக் கை பழகிக்கொள்ளுங்கள்.

பட்டுப்புடவை ஜரிகைல நிஜமாவே தங்கம் இருக்கா? தெருவுல வர்றவங்க பழசை வாங்கிக்கறாங்களே?

அசல் ஜரிகை என்பது பட்டிழைமேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் தங்க முலாம் பூசியது. தங்கம் நூற்றுக்கு ஒரு பங்குகூட இருக்காது, மதிப்பு வெள்ளியில்தான். டெஸ்டட் ஜரிகையில் செம்புக் கம்பிக்கு வெள்ளிப் பூச்சு, அதற்கும் கீழே பிளாஸ்டிக் ஜரிகை. கரையிலிருந்து ஒரு ஜரிகை இழையைச் சுரண்டினால் அசலில் உள்ளே சாயம் ஏற்றிய பட்டிழை தெரியும். மேலே சொன்ன எரிக்கும் சோதனையை அந்த உள் இழைக்குச் செய்யலாம். உருகினால் அசல் இல்லை.

தெருவில் வாங்குபவர்கள் ஜரிகையை உருக்கி வெள்ளி எடுக்கத்தான் வாங்குகிறார்கள். அன்றைய வெள்ளி விலை தெரியாமல் கொடுக்காதீர்கள், இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். உடல் நைந்து கரை நன்றாக இருந்தால், கரையை வெட்டிப் புதுப் பட்டில் வைத்துப் பேத்திக்குப் பாவாடை தைக்கலாம். எனக்குப் பிடித்த வேலை அதுதான்.

பட்டை பீரோல எப்படி வெச்சா கறுக்காம இருக்கும்?

வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்தால் கறுக்கும். ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு, பட்டுப்புடவைக்கு அதைப் போடவே கூடாது. சென்ட்டை நேராக ஜரிகைமேல் அடிக்காதீர்கள், அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது. கட்டி அவிழ்த்த புடவையை நிழலில் ஆற விட்டு, பிளாஸ்டிக் கவரில் போடாமல் பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். அந்த வேட்டியில் கஞ்சி இருக்கக் கூடாது, கஞ்சிக்கு இராமபாணப் பூச்சி வரும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த வரியில்தான் கிழியும்.

ஆன்லைன்ல பெட்ஷீட் 1000 த்ரெட் கவுண்ட்னு போட்டு 800 ரூபாய்க்குத் தர்றாங்க. வாங்கலாமா?

வேண்டாம். ஒரு சதுர அங்குலத்தில் பாவும் ஊடையும் சேர்த்து எத்தனை இழை என்பதே த்ரெட் கவுண்ட். நூல் எவ்வளவு மெலிந்தாலும் ஒரு அங்குலத்துக்குள் அடைக்க எல்லை உண்டு. இரட்டை, நாலு புரி நூலில் ஒவ்வொரு புரியையும் தனி இழையாக எண்ணித்தான் 1000 வரை கொண்டுபோகிறார்கள். 200 முதல் 300 வரை, கோம்ப்டு காட்டன் என்றால் நம் ஊருக்குத் தாராளம்.

எழும்பூர் காட்டன் தெருல எக்ஸ்போர்ட் துணி சல்லிசா கிடைக்குதே, அதுல என்ன குறை இருக்கும்?

பாந்தியன் சாலை நடைபாதைக் கடைகளில் நல்ல துணி நிச்சயம் கிடைக்கும், திரைச்சீலைக்கும் சோபா உறைக்கும் நானே அங்கேதான் போவேன். ஆர்டருக்கு மேல் மிஞ்சியதும் வரும், நிறம் ஒத்துப்போகாமல் கழித்ததும் வரும். முழுத் துணியையும் விரித்துப் பாருங்கள், நடுவில் நிற வேறுபாடு, ஊடை விட்ட கோடு இருக்கும். பன்னா, அதாவது துணியின் அகலம், எவ்வளவு என்று கேளுங்கள். 36 அங்குலமும் 58 அங்குலமும் ஒரே மீட்டர் விலை ஆகாது. தேவைக்கு அரை மீட்டர் கூடவே எடுங்கள், மறுபடி போனால் அந்தத் துணி இருக்காது.

கிழிஞ்ச, பழசான துணியெல்லாம் மூட்டையா கிடக்கு. குப்பைல போட மனசு வரலை.

போட்டுக்கொள்ளும் நிலையில் இருப்பதை மட்டும் தானம் கொடுங்கள், துவைத்து இஸ்திரி போட்டு. மற்றதைப் பிரியுங்கள். பழைய பனியன், டி-ஷர்ட் எல்லாம் எண்ணெய்யை நன்றாக உறிஞ்சும். மெக்கானிக் கடைகளில் காசு கொடுத்து பனியன் வேஸ்ட் வாங்குகிறார்கள், தெரு முனைக் கடையில் கேட்டால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். பெட்ஷீட் கெட்டியாக இருந்தால் பை தைக்கலாம், மெல்லிய காட்டன் புடவை குழந்தைக்கு ஏணையாகவும் துணி டயபராகவும் ஆகும்.

கரித்துணிக்குக் காட்டனை மட்டும் ஒதுக்குங்கள். பாலியஸ்டர் புடவைத் துண்டால் அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்கினால், எரித்துப் பார்க்கும்போது நடந்த மாதிரியே உருகிக் கையில் ஒட்டிவிடும்.